எண்ணூரிலிருந்து கீழ்ப்பாக்கம் எவ்வளவு தூரம்?

வடசென்னைப் பிள்ளைகளின் மனநலத்துக்கு மருத்துவமனை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இலவச போன் நம்பரும் இருக்கிறது. பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள்தான் இல்லை.

2023 டிசம்பர் 26. சுனாமியின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவுநாள். நள்ளிரவுக்குச் சற்று முன்பு எண்ணூர் பெரியகுப்பத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி. உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. தூங்கிய குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறி, வண்டி கிடைக்காதவர்கள் ஓடியும் நடந்தும் ஊரைக் காலி செய்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறல், வாந்தி, கண்ணெரிச்சலோடு மருத்துவமனைக்குப் போனார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலிப் பக்கமிருந்து எண்ணெயை அடித்துவந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கொட்டியிருந்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பிய கறுப்புப் பிசுக்கைத் தேய்த்து முடிப்பதற்குள் அந்த இரவு வந்துவிட்டது. பத்து மாதம் கழித்து, 2024 அக்டோபர் 25 அன்று, திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஏதோ நெடி பரவி முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மூச்சுத்திணறலும் மயக்கமுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நவம்பர் 4 அன்று பள்ளியைத் திறந்தார்கள். அன்றே மறுபடியும் சில மாணவிகளுக்கு மயக்கம்.

ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்தார்கள், மருத்துவர்கள் வந்தார்கள், டி.வி. கேமராக்கள் வந்தன. முதல் வாரத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மனக்காயம் ஆற அமர வருவது. பேரிடருக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று மருத்துவர்கள் ஒன்றை உறுதி செய்வதே, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான். விளக்கை அணைத்தால் தூங்க மறுப்பது, பத்து வயதில் மறுபடி படுக்கையை நனைப்பது, பள்ளி வாசலுக்குப் போனதும் நெஞ்சு படபடப்பது எல்லாம் கேமராக்கள் கிளம்பிய பிறகு தொடங்குபவை. பெரும்பாலான பிள்ளைகள் வீடும் பள்ளியும் விளையாட்டும் பழையபடி ஆனால் தாமாகவே தேறிவிடுவார்கள். தேறாத சிலரை நாலாவது வாரத்தில் யார் அடையாளம் காண்பது? ராயபுரம் முதல் எண்ணூர் வரை இந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் இல்லை. பேரிடர் இல்லாத சாதாரண நாட்களிலும் இல்லை.

வயிற்றுவலி என்று வரும் நோய்

தேசிய மனநல ஆய்வை நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது கண்டது. 40 பேர் உட்காரும் வகுப்பில் இது கிட்டத்தட்ட மூன்று பேர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இன்னும் அதிகம்: 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவர்.

அந்த மூன்று பேர் யார் என்று ஆசிரியருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. வளரிளம் பருவத்து மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை, எரிச்சலாக வரும். தொட்டதற்கெல்லாம் கத்துவான். நன்றாகப் படித்தவள் திடீரென்று நோட்டைத் திறக்க மாட்டாள். சின்னப் பிள்ளைகளிடம் பயம் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வரும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. அதனால் ‘நடிக்கிறான்’ என்ற தீர்ப்பு விழும். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத கவனக்குறைவுக் கோளாறுக்கு ‘வாலு’ என்று பெயர். எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாட்டுக்கு ‘மக்கு’ என்று பெயர்.

பெயர் வைத்த பிறகு வைத்தியமும் தெருவிலேயே தொடங்குகிறது. பார்வை பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள். தர்காவில் மந்திரிப்பார்கள், சர்ச்சில் கை வைத்து ஜெபிப்பார்கள், அம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பார்கள். மூன்று மதமும் மூன்று தெருவுக்குள் இருக்கும் வடசென்னையில் ஒரே பிள்ளை மூன்று இடத்துக்கும் போவதுண்டு. இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. பெற்றோர் எட்டிய இடத்துக்கெல்லாம் ஓடுகிறார்கள். மனநல மருத்துவர் அவர்கள் எட்டும் தூரத்தில் இல்லை.

தூரத்தை ரூபாயில் அளக்க வேண்டும்

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இந்தியாவின் பழமையான மனநல மருத்துவமனைகளில் ஒன்று. 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலன்டைன் கொனாலி தொடங்கிய விடுதியிலிருந்து அதன் வரலாறு வருகிறது. இப்போதைய இடத்துக்கு 1871இல் வந்தது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்று, பூட்டி வைக்கும் இடமாக இருந்ததை மருத்துவமனையாக மாற்றப் பாடுபட்டார். குழந்தைகளுக்கான சிகிச்சையும் அங்கே உண்டு. வடசென்னைக்கு உள்ளேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் குறையில்லை.

எண்ணூரில் இருந்து பார்த்தால் கதை வேறு. கீழ்ப்பாக்கத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலையைத் தாண்ட வேண்டும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் விம்கோ நகருக்கு வந்து சேரவே எண்ணூர்க்காரருக்கு ஒரு பஸ் வேண்டும். அரசு மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவு என்றால் காலையில் போய் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி போயிற்று. துறைமுகத்திலோ மீன் ஏலத்திலோ வீட்டு வேலையிலோ இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

ஒரு முறை என்றால் கடன் வாங்கியாவது போவார்கள். மனநல சிகிச்சை ஒரு முறையில் முடிவதில்லை. மாத்திரை தேவைப்படும் பிள்ளைக்கு அளவு பார்த்து மாற்ற வேண்டும். பேச்சு சிகிச்சை என்றால் வாரம் ஒரு முறையாவது வரச் சொல்வார்கள். மூன்றாவது வாரம் வராத குடும்பத்தை ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறித்துக்கொள்வது சுலபம். அவர்களிடம் இல்லாமல் போனது ஒத்துழைப்பு இல்லை, நாலு நாள் சம்பளம்.

மருத்துவர்களும் குறைவு. இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது சில ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு. குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்கிறார்கள். குழந்தைகளுக்கென்றே பயின்றவர்கள் அதிலும் மிகச் சிலர். தேசிய மனநல ஆய்வு சொல்லும் சிகிச்சை இடைவெளி, நோயைப் பொறுத்து, ஏறத்தாழ 70 முதல் 90 சதவீதத்துக்கும் மேல் வரை. பத்தில் ஏழு பேருக்காவது எந்த சிகிச்சையும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

தூரத்தோடு வெட்கமும் சேர்கிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாக நையாண்டிக்குப் பயன்படுத்தியிருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணை அங்கே அழைத்துப் போனால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற கேள்வி வீட்டிலேயே எழும். யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், மனநலச் சிக்கலுக்கு மற்றவர்களின் உதவியை நாடுவது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான். கணக்கெடுத்த 21 நாடுகளின் சராசரி 83 சதவீதம்.

மே மாதத்து வீடு

வடசென்னைக் கடலோரத்தில் ஒரு பருவக் கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்வளம் பெருக இந்தத் தடை அவசியம். ஆனால் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர் முதல் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர் வரை அத்தனை பேர் வீட்டிலும் அந்த இரண்டு மாதம் கை இறுக்கம். அரசு நிவாரணத் தொகை ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வருவது அதே மே மாதத்தில். பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியது ஜூனில். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வாரத்தில்தான் மார்க் ஷீட்டும் வருகிறது. வீடு ஏற்கெனவே சூடாக இருக்கும்போது ‘ஃபெயில்’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாணவர் தற்கொலை அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் தமிழ்நாடும் இருக்கிறது. அதே நேரம், இந்தச் சாவுகளைக் குறைக்க மருத்துவமனைக்கு வெளியே என்ன செய்யலாம் என்று நாட்டுக்குக் காட்டியதும் தமிழ்நாடுதான். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்துக்குத் தேர்வு முடிவு நாட்களில் வந்த அழைப்புகள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின. ஒரு பாடத்தில் தவறியவர் ஒரு வருடத்தையே இழக்க வேண்டியிருந்தது. அந்த வருட இழப்புதான் பிள்ளைகளை உடைத்தது. தவறியவர்கள் உடனே துணைத்தேர்வு எழுதி, தேறினால் அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம் என்ற ஏற்பாட்டுக்கு அவர் தொடர்ந்து குரல் கொடுத்தார். தமிழ்நாடு அதை நடைமுறைப்படுத்தியது. 2017இல் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்தியது.

மாத்திரையும் இல்லை, படுக்கையும் இல்லை. தேர்வு விதி ஒன்று மாறியது. மனநலத்தை மருத்துவத் துறை மட்டும் காக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மே மாதத்தில் காசிமேட்டுப் பள்ளிகளில், முடிவு வருவதற்கு முந்தைய வாரமே ஓர் ஆலோசகர் வந்து உட்கார்ந்தால் என்ன என்று யோசிக்க அந்தப் பருவக் கணக்கே போதும்.

போன் இருக்கிறது, தனி அறை இல்லை

2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தொடங்கியது. தமிழ்நாடு அதை ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துகிறது. பள்ளிக் கல்விக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. 2021 செப்டம்பரில் நீட் எழுதிய ஒரு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை 104 சேவை வழியாக அரசே போனில் அழைத்துப் பேச ஏற்பாடு செய்தது. ஆள் அழைக்கும் வரை காத்திராமல் தானே அழைத்துக் கேட்ட அந்த முறை பாராட்டத்தக்கது.

ஆனால் வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டை எண்ணிப் பாருங்கள். போன் அண்ணனிடம் இருக்கும். அம்மா சமைக்கும் இடத்துக்கும் பிள்ளை படிக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு புடவைத் திரைதான். வீட்டில் நடக்கும் அடியைப் பற்றியோ, குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பற்றியோ, தன்னைத் தொட்ட உறவினரைப் பற்றியோ அந்த அறையிலிருந்து எந்தப் பிள்ளை பேசும்? ஆபத்து நேரத்தில் உயிர் காக்கும் சேவை அது. ஆனால் ரகசியமாகப் பேச ஓர் இடம் தேவைப்படும் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே ஒரு கதவு வேண்டும்.

அந்தக் கதவு பள்ளியில்தான் இருக்க முடியும். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டிகள் வைக்கப்பட்டன. நல்ல யோசனை. பெட்டிக்குள் சீட்டு போடும் பிள்ளைக்கு, அதைத் திறப்பவர் யார், படித்துவிட்டு என்ன செய்வார் என்று தெரிய வேண்டும். அது தெரியாத பள்ளியில் பெட்டி காலியாகவே கிடக்கும்.

ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள்

மனநலம் என்றதும் அரசுகளுக்கு முதலில் தோன்றும் வழி, ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி. செலவு குறைவு, எண்ணிக்கை காட்டலாம். அது வேலை செய்கிறதா என்று பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்ற ஆய்வு சோதித்துப் பார்த்தது. முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வந்தன. ஒரு தொகுதிப் பள்ளிகளில் இந்தப் பணிக்கென்றே பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத சாதாரண ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டார்கள். இன்னொரு தொகுதியில் அதே திட்டத்தை ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, மிரட்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.

ஆசிரியர்களின் குறையாக இதைப் படிக்கக் கூடாது. வருகைப் பதிவும் எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றமும் தேர்தல் பணியும் பாடமும் முடித்த பிறகு அவரிடம் மிஞ்சுவது எவ்வளவு நேரம்? அதோடு மார்க் போடுபவரிடமே மனதைத் திறக்கப் பிள்ளை தயங்கும். இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. இந்த வேலைக்கு எம்.டி. படித்தவர் வேண்டியதில்லை. பிளஸ் டூவோ டிகிரியோ முடித்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, அந்த ஊர்ப் பேச்சு பேசும் ஒருவரை முறையாகப் பயிற்றுவித்து, மேலே ஒரு நிபுணர் கண்காணித்தால் போதும். இல்லம் தேடிக் கல்வி, மக்களைத் தேடி மருத்துவம் ஆகிய அரசுத் திட்டங்களில் வேலை செய்த பெண்கள் எண்ணூர், திருவொற்றியூர்த் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடிந்த மாநிலம், ஆலோசகரைப் பள்ளி வாசலுக்குக் கொண்டுவர முடியாதா?

சட்டமும் துணைக்கு நிற்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு மனநல சிகிச்சையை உரிமையாக்குகிறது. அரசு தர வேண்டிய சேவைகளின் பட்டியலில் குழந்தைகளுக்கான மனநல சேவையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. சிறாரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மருத்துவமனையில் பொய்க் காரணம் சொல்லும் பெற்றோருக்கு இது தெரிய வேண்டும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வகுத்தது. ராயபுரத்தின் மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர் கவனத்துக்கு

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பேச்சு, படிப்பு இவற்றில் பெரிய மாற்றம் தெரிந்தால் விசாரியுங்கள்.
• ‘செத்துப்போறேன்’ என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாதீர்கள்.
• 14416: நாள் முழுவதும், இலவசம், தமிழில் பேசலாம். சிநேகா: 044-24640050.
• பள்ளிக்குப் போக மறுப்பது, காரணமில்லாத வலி, திடீர்க் கோபம் ஆகியவற்றுக்கு அடி மருந்தாகாது.

மாலை நாலு மணி

புதிய கட்டடம் கட்டாமலே செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை இயங்கும்படி திட்டமிடப்பட்டவை. அந்த மாலை நேரம்தான் பொன் நேரம். பள்ளி விட்டாயிற்று, அம்மா வேலையிலிருந்து திரும்பியாயிற்று, கூலி போகாது. காய்ச்சல், சளிக்கு வரும் இடம் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் உள்ள மையங்களில் வாரம் இரண்டு மாலை ஓர் ஆலோசகர், மாதம் ஒரு மாலை ஸ்டான்லியிலிருந்தோ கீழ்ப்பாக்கத்திலிருந்தோ ஒரு மனநல மருத்துவர் என்று வைத்தால், எண்ணூரின் 20 கிலோமீட்டர் இரண்டு தெருவாகச் சுருங்கும்.

சான்றிதழ்ச் சிக்கலும் அங்கேயே தீரும். கற்றல் குறைபாடு உள்ள மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. அவற்றைப் பெற மருத்துவச் சான்று வேண்டும். நகரத்தின் பெரிய தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அதை வாங்கித்தர பெற்றோரும் சிறப்பாசிரியரும் இருக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை அதே குறைபாட்டோடு ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டு மீன்பிடி துறைமுகத்திலோ லாரி ஷெட்டிலோ வேலைக்குச் சேர்கிறான். அவனுக்கு இருந்தது என்னவென்று யாரும் பார்க்கவேயில்லை.

மக்கள் போகும் இடத்துக்கே மருத்துவம் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். பிற்காலத்தில் அந்த தர்காவை ஒட்டியே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் சிகிச்சை ஏற்பாடு வந்தது. தர்காவுக்கு வராதே என்று சொல்லாமல், அங்கே வருபவருக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். வடசென்னையின் சர்ச்சுகளும் தர்காக்களும் கோயில்களும், குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடங்களும் கால்பந்து மைதானங்களும்கூட அப்படிக் கை கோக்கக்கூடிய இடங்கள். பெற்றோரிடம் சொல்லாததைக் கோச்சிடம் சொல்லும் பையன்கள் இங்கே ஏராளம்.

ஆலோசனையால் காற்று சுத்தமாகாது

ஓர் எச்சரிக்கையும் தேவை. அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஆலை நெடிக்கும் நடுவே வளரும் பிள்ளை இரவில் பயந்து எழுந்தால், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டுக் குழாயைச் சரிசெய்யாமல் விட்டால், ஆலோசகர் ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரியாகிவிடுவார். கசிவு நேர்ந்தால் என்ன சைரன், எந்தப் பாதை, எங்கே கூடுவது என்று பள்ளிகளில் ஒத்திகை நடத்துவதும் மனநலப் பணிதான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பயம் குறையும். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர்கள் ஆலை நடத்துபவர்கள்.

வடசென்னையைச் சொன்னாலே கத்தியும் கஞ்சாவும் நினைவுக்கு வரும்படி சினிமாவும் செய்திகளும் பழக்கிவிட்டன. அதன் விளைவு, இந்தப் பகுதிப் பையனின் மனச்சிக்கல் முதலில் போலீஸ் பிரச்சினையாகப் பார்க்கப்படுகிறது. போதை மாத்திரைக்குள் போனவனைப் பிடிக்க ஆள் இருக்கிறார்கள். அவன் ஏன் போனான் என்று ஏழாம் வகுப்பிலேயே கேட்க ஆள் இல்லை.

அந்த ஆள் வந்துவிட்டாரா என்று பார்க்க நிபுணர் குழு வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எந்தப் பெற்றோரும் மூன்று கேள்வி கேட்கலாம். எங்கள் பள்ளி ஆலோசகர் பெயர் என்ன? அவர் உட்காரும் அறை எது, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு? அவரால் முடியாதபோது பிள்ளையை எந்த மருத்துவரிடம், எந்த மாலையில் அனுப்புவார்? மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத பள்ளி திருவொற்றியூரில் இருந்தாலும் ராயபுரத்தில் இருந்தாலும், அங்கே மனநலத் திட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்த மூன்று பதில்களையும் பள்ளி வாசல் பலகையில் எழுதி வைக்க மாநகராட்சிக்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயின்ட். எழுதியபடி நடத்துவதற்குத்தான் பணமும் மனமும் வேண்டும். வரும் பட்ஜெட்டில் வடசென்னையின் கவுன்சிலர்களும் எம்.எல்.ஏ.க்களும் கேட்க வேண்டியது அதைத்தான்.